வாழ்த்து அட்டைக்கு நீர்வண்ணப் பின்னணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்ததும் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்யப் பழகிக்கொள்ள என் வீட்டுக்குச் சிலர் வருவார்கள். பின்னணிக்கு நீர்வண்ணம் பூசும்போது அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை நானும் ஒரு காலத்தில் செய்தவையே. தூரிகையைக் கழுவாமல் அடுத்த நிறத்தில் தோய்ப்பது போன்றவற்றை இரண்டாம் நாளே அவர்களாகத் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மடித்த அட்டையின் மேலேயே பூசுவது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடக்கிற தவறு இதுதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. கடையில் ஐவரி ஷீட் எனப்படும் வழவழப்பான கெட்டி அட்டையை வாங்கி, அளவாக வெட்டி, மடித்து, அதன் முகப்பிலேயே நேராகத் தண்ணீரையும் வண்ணத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். "300 ஜிஎஸ்எம் தானே அக்கா, நீர்வண்ணத் தாளும் அதே 300 தானே?" என்று சென்ற ஆண்டு ஒரு பெண் கேட்டாள். அந்த எண் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தத் தாள் தண்ணீரைத் தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் அல்லது மாவுப்பசை போன்ற ஒன்றை ஏற்றியிருப்பதால் வண்ணம் உடனே உள்ளிறங்காமல் சிறிது நேரம் மேலே நின்று பரவுகிறது. ஐவரியோ அச்சுக்கும் எழுத்துக்குமாகச் செய்யப்பட்டது. அதில் ஒரு சொட்டு நீர் விட்டு விரலால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு அழுக்குத் திரிபோல உருண்டு வந்துவிடும்.

இதற்கு நான் கொடுத்த விலை அதிகம். ஒருவர் பொங்கலுக்கு 60 அட்டைகள் கேட்டு முன்பணமும் தந்திருந்தார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து, மடித்த அட்டைகளின் மேலேயே மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து விடியல் வானம்போலப் பூசி, கட்டில் முழுவதும் பரப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் அத்தனையும் பொரித்த அப்பளம்போல வளைந்து கிடந்தன. நனையும்போது தாளின் இழைகள் உப்புகின்றன, காயும்போது சுருங்குகின்றன. ஒரு பக்கம் மட்டும் நனைந்த அட்டையில் மறுபக்கம் அதற்கு ஈடுகொடுக்க முடியாததால் அது வளைந்துபோகிறது. மடிப்புக் கோட்டில் தேங்கிய நீர் அங்கே வண்ணத்தைத் திரட்டி ஒரு கறுத்த வரியை விட்டிருந்தது. கனமான புத்தகங்களை ஏற்றி வைத்து வளைவை ஓரளவு நிமிர்த்தினேன். ஆனால் உரிந்த பரப்பில் பேனாவை வைத்ததும் எழுத்துகள் கசிந்தன. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அடி அட்டையை நான் நனைப்பதே இல்லை. நீர்வண்ணத் தாளை ஒரு பலகையில் வைத்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசி, முழுவதும் காய்ந்த பிறகே டேப்பை உரிக்கிறேன். பிறகு அதை அட்டையைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி ஒட்டுகிறேன். முகப்பு 105 × 148 மில்லிமீட்டர் என்றால் வண்ணத் துண்டு 95 × 138 இருக்கலாம். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் நிற்கும். ஒட்டுவதற்கு இருபுற டேப் போதும். நீர்ப்பசையைத் தாராளமாகத் தடவினால் பின்பக்கத்தின் வழியாக அதே வளைவு திரும்பி வந்துவிடும்.

பாதி காய்ந்ததைத் தொடுவது

தாளின் மினுமினுப்பு மறையத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஈரத் தூரிகை பட்டால் புதிய நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய்க் காலிஃபிளவர் பூப்போன்ற ஓரத்தை விட்டுச்செல்லும். திருத்த நினைத்தால் அது முழுவதும் காயும்வரை காத்திருங்கள்.

உப்பு

ஈர வண்ணத்தில் புள்ளிப் புள்ளியான வடிவங்கள் வருவதற்காக உப்புத் தூவுவதானால், மினுமினுப்பு இருக்கும்போதே தூவ வேண்டும், காய்ந்த பிறகே தட்டிவிட வேண்டும்.

மஞ்சளும் ஊதாவும்

ஈரத்தில் சந்தித்தால் சேற்று நிறம்தான் கிடைக்கும்.

ஸ்கெட்ச் பேனா மை

பிளாஸ்டிக் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கி, நீர் தெளித்து, அதன் மேல் தாளை ஒற்றி எடுத்தால் அழகான பின்னணி கிடைக்கிறது. குழந்தைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மை பெரும்பாலும் சாயம் என்பதால், கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்த அட்டை சில மாதங்களிலேயே வெளுக்கத் தொடங்குகிறது. நீர்வண்ணத்திலும் கண்ணைப் பறிக்கும் ஓபரா பிங்க் இப்படித்தான் மங்கும். வைத்துப் பாதுகாக்கப்போகிற அட்டைக்கு இவை வேண்டாம்.

காய்வதற்குள் எழுதுவது

கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் தாளுக்குள் ஈரம் இருக்கும். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மார்கழிப் பனியில் இது கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால், நான் இரவு முழுவதும் விட்டுவைத்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். போகிக்குள் தபாலில் போய்ச் சேர வேண்டிய அட்டைகளுக்கு, தபாலில் சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே பின்னணியைப் பூசி அடுக்கிவிடுகிறேன்.