ஹவுஸ் மிக்ஸ் தொகுப்புகளைக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், ஹவுஸ் என்ற கிளப் நடன இசைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி தனக்குப் பிடித்த டிஜே மிக்ஸ் ஒன்றைப் போட்டுக் காட்டினான். ஐந்தாவது டிராக் முடிந்து ஆறாவது தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்'. அவன் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. அதே 'டக்'கை என் சொந்தச் சேகரிப்பில் பல வருடங்கள் கேட்டு நொந்தவன் நான்.

ஷஃபிளில் போடாதீர்கள் என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் இரண்டாம் நாளே தானாகப் புரிந்துவிடும்.

மிக்ஸைத் துண்டுதுண்டாக எம்பி3 ஆக்கிவிட்டு சிடியைக் கொடுத்துவிடுவது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மிக்ஸ் சிடி என்பது அடிப்படையில் 70, 75 நிமிடம் ஓடும் ஒரே வாசிப்பு. அதில் இருக்கும் டிராக் எண்கள் புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டு மாதிரிதான். அந்த இடத்தில் இசை நிற்பதில்லை. சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த காலத்திலிருந்தே ஹவுஸ் வளர்ந்தது இப்படித்தான்: ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்தது உள்ளே வந்துவிடும், ஆடுகிறவர்களின் கால் நிற்காது. அந்த இணைப்பில்தான் டிஜேயின் உழைப்பு முழுவதும் இருக்கிறது. பாட்டுகள் மற்றவர்களுடையவை, இணைப்பு மட்டும்தான் அவருடையது.

எம்பி3 கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான். ஒலியை அது 1,152 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்) கொண்ட சட்டகங்களாக வெட்டுகிறது. சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஆக ஒரு சட்டகம் சுமார் 26 மில்லி விநாடி. டிராக் எங்கே முடிந்தாலும் கடைசிச் சட்டகம் நிறைந்தாக வேண்டும். மீதி இடத்தில் மௌனம் நிரப்பப்படும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பைக் கோப்பில் எழுதி வைக்கிற மென்பொருளும், அதைப் படித்து வெட்டி எறிகிற பிளேயரும் இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓட்டை விழும்.

இரண்டு மௌனமும் சேர்ந்து 50 மில்லி விநாடிதானே என்று தோன்றும். 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 பீட்) ஒரு பீட்டுக்கு 480 மில்லி விநாடி. பத்தில் ஒரு பங்கு பீட் தள்ளிப்போனால் காது கண்டுபிடிக்கும் முன்பே கால் கண்டுபிடித்துவிடும். ஒரு மணி நேரமாக ஒரே சீராக வந்துகொண்டிருந்த கிக் டிரம் அடி, அங்கே மட்டும் தடுக்கி விழும்.

வீடு மாறும்போது இடம் போதவில்லை என்று என் சிடி முழுவதையும் இப்படி மாற்றினேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். மாற்றியதை ஒன்றிரண்டு டிராக் நடுவிலிருந்து போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இணைப்புகளை ஒரு முறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. பெட்டியோடு சிடிகளைக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கலப்பு: பழைய பாட்டின் பேஸ் மெல்ல விலக, புதியதன் ஹைஹாட் என்ற டிரம் ஜால்ரா மட்டும் ஒரு நிமிடம் மேலே மிதந்து, அப்புறம் கிக் கைமாறும். கைமாறுகிற நொடியில் 'டக்'. நாற்பது தொகுப்பிலும் டிராக் மாறும் இடமெல்லாம் அதே கதை.

திரும்ப வாங்கலாமே என்பீர்கள். மிக்ஸில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் லேபிளிடம் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமங்களுக்குக் காலக்கெடு உண்டு. முடிந்தபின் பல தொகுப்புகள் விற்பனையிலிருந்தே போய்விடுகின்றன. சிலவற்றைப் பழைய சிடியாகத் தேடிப் பிடித்தேன். பாதிக்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே: மாற்றுவதானால் ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் கோப்பாக மாற்றுங்கள், அதில் இந்த நிரப்பும் வேலை கிடையாது. இன்னும் நல்லது, சிடி முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, டிராக் எண்களுக்குத் தனியாக ஒரு கியூ கோப்பு வைத்துக்கொள்வது. எதுவானாலும் ஒவ்வொரு டிராக்கின் கடைசிப் பத்து விநாடியிலிருந்து கேட்டுப் பாருங்கள். அதுவரை சிடியைக் கையை விட்டுப் போக விடாதீர்கள்.

கிராஸ்ஃபேடை அணைக்காமல் விடுவது

ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கி இரண்டையும் கலக்கும் பிளேயர் வசதி இது. சாதாரணப் பாட்டுகளுக்கு நல்லது. மிக்ஸில் விஷம். ஏற்கெனவே தொடர்ந்து ஓடும் இசையின் அடுத்த பகுதியை, 6 விநாடி வைத்திருந்தால் 6 விநாடி முன்பே மேலே தூக்கிப் போடுகிறது. 125 பிபிஎம்மில் 6 விநாடி என்றால் 12.5 பீட். அந்த அரை பீட்டைக் கவனியுங்கள்: இரண்டாவது பகுதியின் கிக் சரியாக முதலாவதன் இரண்டு கிக்குகளுக்கு நடுவில் விழும், குதிரை ஓடுவது போலக் கேட்கும். 12 விநாடி வைத்தால் 25 பீட். கிக் பொருந்தும், ஆனால் நான்கு பீட் கணக்கில் ஒன்று தள்ளி நிற்கும். எப்படிப் பார்த்தாலும் தப்பு. அணைத்துவிடுங்கள்.

ஒலி அளவைச் சமன் செய்யும் வசதிக்கும் இதே பேச்சுதான். அது 'டிராக்' என்று இருந்தால் இணைப்பின் நடுவில் சத்தம் ஏறி இறங்கும். 'ஆல்பம்' என்று மாற்றுங்கள்.

அட்டையைப் பார்த்து மிக்ஸ் என்று நம்பிவிடுவது

ஸ்ட்ரீமிங்கில் அதே அட்டை, அதே டிஜே பெயர், அதே வரிசை இருக்கும். உள்ளே இருப்பவை முழு நீளத் தனிப் பாட்டுகளாக இருக்கலாம். பட்டியலின் கடைசியில் 70 நிமிடத்துக்கு ஒரே டிராக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மிக்ஸ் அதுதான்.

எண் போட்டு வரும் தொகுப்பு வரிசையை முதல் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது

வேண்டியதில்லை. லண்டன் ஃபேப்ரிக் கிளப் 2001-இல் தொடங்கிய வரிசையைப் போல, பெரும்பாலும் எண்ணுக்கு எண் டிஜே மாறுவார்.

போன் ஸ்பீக்கர்

வேண்டாம். கிக்கின் அடிப்பகுதியும் பேஸும் அதில் வராது.

மிக்ஸில் கேட்ட பாட்டைத் தனியாகக் கேட்டு ஏமாறுவது

பிடித்துப்போய் அசலைத் தேடுவீர்கள். முதல் ஒரு நிமிடம் வெறும் டிரம். 125 பிபிஎம்மில் 32 பார் (ஒரு பார் நான்கு பீட்) ஓட 61 விநாடி ஆகும். அந்த நீளம் டிஜே கலப்பதற்காகவே விட்டுவைத்தது. குரலும் வேறு மாதிரி இருக்கும். டர்ன்டேபிளில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும், 6 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை. நீங்கள் ரசித்த குரல் அசலில் கொஞ்சம் தாழ்ந்து, சோம்பலாக நிற்கும். வேறு பதிப்பு என்று நினைத்து நான் ஒரே பாட்டை மூன்று முறை வாங்கியிருக்கிறேன். மூன்றும் ஒன்றுதான். சில சமயம் குரல் ஒரு தட்டிலிருந்தும் தாளம் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கும், அப்படி ஒரு பாட்டு அந்த மிக்ஸுக்கு வெளியே எங்குமே கிடையாது. வாங்குவதற்கு முன் அசலின் நடுப்பகுதியை 6 சதவீதம் வேகப்படுத்திக் கேளுங்கள்.