கண் வறட்சி: சொட்டு மருந்துக்கு முன்னால் ஒத்தடம்

சென்னை ஓஎம்ஆரில் நாள் முழுக்க ஏசியும் கணினியும், வெளியே வந்தால் வண்டியில் தூசிக்காற்று. மாலையானால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும், காந்தும். எனக்கு இது கட்டுக்குள் வந்த வழியைச் சொல்கிறேன்.

கண்ணில் தண்ணீராகக் கொட்டும்போது வறட்சி எப்படி வரும் என்று கேட்பீர்கள். கண்ணீரின் மேல்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. அது குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகி, கண் உறுத்தி, அந்த உறுத்தலுக்குத்தான் அப்படிக் கொட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இந்த எண்ணெயில்தான்.

1. ஏசி காற்று முகத்தில் அடிக்க வேண்டாம். திரை கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். திரையைப் பார்க்கையில் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அவ்வப்போது இமைகள் முழுசாக ஒட்டும்படி மூடித் திறங்கள். வண்டியில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

2. ஒத்தடம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வெந்நீரில் நனைத்த துண்டு ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், பலன் இருக்காது. இமை விளிம்புச் சுரப்பிகளில் எண்ணெய், மார்கழித் தேங்காய் எண்ணெய் போலக் கெட்டியாகிக் கிடக்கிறது. இளக, 40 டிகிரிச் சூடு 5 முதல் 10 நிமிடம் நிற்க வேண்டும். துண்டென்றால் மாற்றி மாற்றி நனைக்க வேண்டும். என் ஓட்டு, மெடிக்கலில் கிடைக்கும், சூடாக்கிக் கண்மேல் வைக்கும் ஜெல் கண்பட்டைக்கே. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் கண்ணுக்கு ஆகாது. ஒத்தடத்தை எடுத்த கையோடு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும், முடி இருக்கும் விளிம்புவரை விரலால் மெல்ல நீவுங்கள். கண்மணியை அழுத்தக் கூடாது. தினமும் செய்தால், சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

3. சொட்டு மருந்து. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் போதும். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தி (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், பிரிசர்வேட்டிவ்) சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொருளே கண்ணை உறுத்தும். ஒரு சொட்டு போதும், விட்டதும் கண்ணை மெல்ல மூடி வைத்திருங்கள். சிவப்பை மறைக்கும் மருந்து வேண்டாம். டாக்டர் எழுதாமல் ஸ்டீராய்டு சொட்டைத் தொடவே தொடாதீர்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம்.

பின்சேர்க்கை: காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒத்தடத்துக்கு முன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரையும் கண்ணை உலர்த்தும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் என்றால் ஒத்தடத்தோடு நிற்காமல் டாக்டரைப் பாருங்கள். வாயும் உலர்ந்து மூட்டும் வலித்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது.