தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன் 'ரீலோட் இன் 10'

தொலைவில் இருக்கும் சிஸ்கோ ரவுட்டரில் ஆக்சஸ் லிஸ்ட் (எந்தப் போக்குவரத்தை விடுவது, தடுப்பது என்ற பட்டியல்), ஐபி முகவரி, ரவுட்டிங் எதை மாற்றுவதானாலும், முதலில் நடப்பு கான்ஃபிகை (ரவுட்டரின் அமைப்புகளை) சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' (பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்) என்று கொடுங்கள். மாற்றியபின் இணைப்பு நன்றாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்து அந்த மறுதொடக்கத்தை ரத்து செய்யுங்கள், பிறகு சேமிப்பு. இந்த வரிசை மாறவே கூடாது.

நாம் தட்டும் கட்டளைகள் ரன்னிங் கான்ஃபிகில் (இப்போது இயங்கும் அமைப்பில்) மட்டுமே உட்காரும். ரவுட்டர் தொடங்கும்போது படிக்கும், சேமித்துவைத்த ஸ்டார்ட்டப் கான்ஃபிக் பழையபடியே இருக்கும். தவறான ஒரு வரியால் இணைப்பு அறுந்தாலும், பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக மறுதொடக்கமாகி பழைய நிலைக்கு வந்துவிடும். ரவுட்டரில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு நள்ளிரவில் ஓட வேண்டாம். அலுவலகக் கட்டளைக் குறிப்புகளில் இந்த வரி விடுபட்டிருந்தால், இன்றே முதல் வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

மாற்றத்தைச் சோதிக்காமல் சேமித்துவிட்டால் இது உதவாது. தவறும் சேர்ந்தே திரும்பி வரும். சில நிமிடம்கூட நிற்கக் கூடாத கோர் ரவுட்டரிலும் (நெட்வொர்க்கின் மைய ரவுட்டர்) வேண்டாம். ஜூனிப்பர் நிறுவன ரவுட்டரில் இதற்குத் தேவையே இல்லை: 'கமிட் கன்ஃபர்ம்ட் 10' கொடுத்தால் போதும். பத்து நிமிடத்துக்குள் மாற்றத்தை உறுதி செய்யாவிட்டால், மறுதொடக்கம் இல்லாமலே பழைய கான்ஃபிக் திரும்பிவிடும்.