பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள்

மின்னஞ்சல் எழுத உட்கார்ந்ததும் பெரும்பாலோர் முதலில் நிரப்புவது பெறுநர் முகவரியைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். விஷயத்தை எழுதி, கோப்பை இணைத்து, ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு முகவரியைப் போட்டால், இடையில் கை தவறி பொத்தானைத் தட்டினாலும் அரைகுறை அஞ்சல் எங்கும் போகாது. "இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்க மறப்பதும் குறையும். கோபத்தில் எழுதும் பதிலுக்கு இது இன்னும் முக்கியம். பதில் அஞ்சலில் முகவரி தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். அதை அழித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

சரி, அப்படியும் தவறாக அனுப்பிவிட்டால்? ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய வழக்கமாக 5 விநாடிதான் கிடைக்கும். கணினியில் அமைப்புகளுக்குள் போய் அதை 30 விநாடியாக மாற்றிக்கொள்ளலாம். இன்றே மாற்றிவிடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம்.

ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே அஞ்சலை அனுப்பும்போது முகவரிகளை, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் மறைக்கும் பிசிசி (Bcc) கட்டத்தில் போடுங்கள். ஒருவருடைய முகவரியை முன்பின் தெரியாத ஐம்பது பேருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. "அனைவருக்கும் பதில்" தொல்லையும் அதோடு நின்றுவிடும்.

அப்புறம், வெறும் "ஹலோ" மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்னவோ ஏதோ என்று பார்ப்பவர் மனசு பதறும். எனக்குப் பலமுறை பதறியிருக்கிறது. "ஹலோ, அவசரம் இல்லை, நாளைய கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று ஒரே செய்தியில் கேட்டுவிட்டால், அவர் நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் பதில் சொல்வார்.