எந்த நாட்டைப் பாத்து எதைக் காப்பி அடிக்கலாம்? ஒரு ஒட்டு மாங்கன்னு கணக்கு

எலக்‌ஷன் வந்துட்டா எங்க கிருஷ்ணகிரி டீக்கடையில ஒருத்தர் நாட்டை சிங்கப்பூர் ஆக்குவாரு, இன்னொருத்தர் நார்வே ஆக்குவாரு. நிஜமாவே ஒரு கவர்மெண்ட் வெளிநாட்டுல இருந்து எதை எடுக்கலாம்னு பாக்கணும்னா, சந்தூர்ல மாங்கன்னு ஒட்டு கட்டறவங்ககிட்ட கேளுங்க. பழம் எவ்ளோ இனிச்சாலும் கீழ இருக்கற கொட்டைச்செடி தாங்குமான்னுதான் மொதல்ல பாப்பாங்க.

அதனால மொதல்ல, காசு எங்கருந்து வருதுன்னு பாருங்க. டென்மார்க்ல வேலை போனா கவர்மெண்ட் பாத்துக்கும்பாங்க, ஆனா அங்க வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி வரி) 25%, அரிசி பருப்புக்கும் அதேதான், இதை மட்டும் டீக்கடையில யாரும் சொல்றதில்ல. நார்வேயோடது எண்ணெய்க் காசு, 1990ல சட்டம் போட்டு ஃபண்டா சேத்தாங்க, சராசரியா வருஷம் 3% தான் எடுக்கணும்னு வேற கட்டுப்பாடு. அந்த அளவு எண்ணெய் நம்மகிட்ட இல்ல, ஆனா மண்ணைத் தோண்டி வர்ற காசை அப்படியே தின்னுடாம வைக்கற பழக்கத்தை எடுக்கலாமே, கிரானைட் குவாரி பக்கத்துல இருந்துட்டு இதைச் சொல்லாம இருக்க முடியல.

அடுத்தது, முக்கியமான பாகத்தை விட்டுட்டு எடுக்காதீங்க. ஜெர்மனில பசங்க 2 லேர்ந்து 3.5 வருஷம் கம்பெனிலயும் தொழிற்பள்ளியிலயும் மாத்தி மாத்தி கத்துக்கறாங்க, சம்பளமும் உண்டு. ஓசூருக்கு அப்படியே பொருந்தும்னு நானும் நெனச்சேன். எங்க அக்கா பையன் ஒரு கம்பெனில அப்ரண்டிஸா சேந்து ஒரு வருஷம் ட்ராலி தள்ளினான், கடைசில சர்டிபிகேட் மட்டும் குடுத்தாங்க. ஜெர்மனில கடைசிப் பரிட்சையை நடத்தறது அந்த கம்பெனி இல்ல, தொழில் சபை. அங்க ட்ராலி மட்டும் தள்ளுனவன் பாஸாக மாட்டான்.

சிங்கப்பூர்ல ஏறக்குறைய 80% பேர் கவர்மெண்ட் கட்டுன வீட்டுலதான் இருக்காங்க, நல்லதுதான். ஆனா 1966ல போட்ட நில எடுப்பு சட்டம்தான் அதுக்கு அடியில இருக்கு, அதை இங்க கொண்டு வரலாமான்னு சிப்காட்டுக்கு நிலம் குடுத்தவங்களைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

அவசரப்படவும் கூடாது. இலங்கைல 2021ல ரசாயன உரத்தை ஒரேயடியா நிறுத்தி, விளைச்சல் படுத்து, அதே வருஷம் வாபஸ் வாங்கினாங்க. சத்துணவு அப்படியா வந்துச்சு? 1956ல காமராஜர் ஆரம்பிச்சு, 1982ல எம்ஜிஆர் பெருசாக்கி, 2001லதான் சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலத்துலயும் ஸ்கூல்ல சமைச்ச சோறு போடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அதுக்கு யாரும் பிளேன் ஏறி நார்வே போகல.