கைப்பிள்ளையோடு ராத்திரி ரயில்: நாகர்கோவில் டு எழும்பூர்

கைப்பிள்ளையோடு ராத்திரி ரயில் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எடுத்து வைக்கிற எதையும் இருட்டில், ஒற்றைக் கையால் எடுக்க முடியவேண்டும். மறு கையில் பிள்ளை இருக்கும். கோட்டார் ஸ்டேஷனில், அதாவது நாகர்கோவில் ஜங்ஷனில், மாலையில் ஏறினால் சென்னையில் விடிந்துதான் இறங்குகிறோம். சீட்டுக்கடியில் தள்ளிவிட்ட பெட்டிக்குள் இருப்பதெல்லாம் இல்லாததற்குச் சமம்.

டிக்கெட் எடுக்கும்போதே யோசியுங்கள். 5 வயது ஆகாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். கீழ் பெர்த் கிடைத்தால் போதும் என்பார்கள், போதாது. அதற்கு நேர்மேலே இருக்கும் நடு பெர்த்தும் வீட்டு ஆளுடையதாக இருக்கட்டும். இரவு 10 மணிக்கு மேல் நடு பெர்த்தை விரித்துவிட்டால் கீழே நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாது. நம்ம ஆள் என்றால் பிள்ளை உறங்கும்வரை பொறுப்பார்.

சீலையில் தொட்டில் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நான் கட்டமாட்டேன். வண்டி சடாரென்று நின்றால் பக்கத்துக் கம்பியில் பிள்ளையின் தலைதான் இடிக்கும். சுவர்ப்பக்கம் பிள்ளை, வெளிப்பக்கம் நான், அவ்வளவுதான்.

இனி துணிச் சுருட்டு. ஒரு துவர்த்தை (துண்டை) விரித்து அதில் ஒரு டயப்பர், ஒரு சட்டை, ஒரு ஜட்டி, நாலைந்து ஈரத்தாள், ஒரு காலி கவர் வைத்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். நடுராத்திரி அழுதால் ஒரு சுருட்டை உருவினால் போதும். துவர்த்து பிள்ளைக்கு அடியில் விரிப்பாகும், அழுக்கு கவருக்குள் போய்விடும், பையைக் கிளற வேண்டியதே இல்லை. ராத்திரிக்கு இப்படி நாலைந்து சுருட்டு தலைமாட்டுத் துணிப்பையில் இருக்கட்டும். முந்தின நாள் வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் செய்ததைப் பார்த்து மாமி சிரித்தார்தான், சிரிக்கட்டும்.

சாப்பாட்டில், ஆறு மாதத்துக்குள் என்றால் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதைத் தாண்டிய பிள்ளைக்கு நம்ம ஊர் மட்டி வாழைப்பழத்தை மிஞ்ச எதுவுமில்லை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் சரி, அதன் தோல் மெல்லிசு. பையில் போட்டால் வள்ளியூர் தாண்டுவதற்குள் நசுங்கிவிடும். எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழத்தை) தோலோடு அவித்து எடுத்துக்கொண்டால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது, கரண்டியால் மசித்து ஊட்டலாம். மட்டியைத் தேனில் தொட்டுக் கொடு என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பால்பவுடர் கொடுப்பவர்கள் பவுடரைத் தனித்தனியாக அளந்து சின்ன டப்பாக்களில் போட்டு, வெந்நீரை பிளாஸ்கில் எடுங்கள். பிள்ளைக்குப் பசிக்கும்போது மட்டும் கலக்கி, நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள், வைத்துக் கொடுக்காதீர்கள். அப்புறம், மூத்த பிள்ளைக்கு வாங்கும் ஏத்தங்காய் சிப்ஸும் கடலையும் சின்னது கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும். மூத்தது பாசத்தில் அதன் வாயில் ஊட்டிவிடும்.

ஏறியதும் ஜன்னலை இறக்குங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, அதிலும் ஆனி ஆடியில், மண்ணையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். காற்றாலை பார்க்க மூத்தவன் அடம்பிடித்தால் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்.

காய்ச்சல் மருந்தில் கவனம். பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 120, 125, 250 என்று பலவிதம். கடையில் வேறு பாட்டில் கொடுத்துவிட்டால் அளவே மாறிவிடும். டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவை அந்தப் பாட்டில் மேலேயே மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பெரிய பாக்கெட் முழுசாக ஒரு லிட்டருக்கு. டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடக்கூடாது. ஓடுகிற வண்டியில் லிட்டர் கணக்குப் பார்க்க முடியாது என்றால் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் கேட்டு வாங்குங்கள்.

கடைசிச் சுருட்டை செங்கல்பட்டு வரும்போதே பிரித்துவிடுங்கள். தாம்பரம் வந்துவிட்டால் நடைபாதை முழுக்கப் பெட்டியும் ஆளுமாக நிற்கும், கைகழுவப் போகக்கூட வழி கிடைக்காது.