இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டப்பா புளியங்கொட்டை

"இவங்களைக் கொஞ்சம் பாத்துக்கம்மா, ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு இரண்டரை. உங்களுக்கு இது முதல் தடவை என்றால், செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு முன்னால் பல்லாங்குழியை ஒருமுறை முயன்று பாருங்கள்.

1. அம்மா கிளம்பும் முன்

எப்போது வருவார், பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம், எது ஒத்துக்கொள்ளாது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அசந்த நேரம் பார்த்து அம்மா நழுவிப் போக வேண்டாம். சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டே போகட்டும். கொஞ்சம் அழும்தான். ஆனால் ஏமாந்த பிள்ளை அடுத்த முறை உங்களைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிடும்.

2. குழி வரைதல்

பலகை இல்லாவிட்டால் பரவாயில்லை. தரையில் சாக்பீஸால் வரிசைக்கு 7 வீதம், எதிரெதிரே 14 வட்டம் போட்டால் போதும். பெரியவளையே வரைய விடுங்கள். ஒன்று தட்டு அளவுக்கும் ஒன்று காசு அளவுக்கும் வரும், திருத்தாதீர்கள். குழிக்கு 5 கொட்டை, ஆக மொத்தம் 70. எண்ணிப் போடுவதும் அவள் வேலைதான்.

3. ஆட்டம்

ஊருக்கு ஊர் முறை மாறும். நான் சொல்லிக்கொடுப்பது இது. உங்கள் பக்கத்து வரிசை உங்களுடையது. அதில் ஏதாவது ஒரு குழியைக் காலி செய்து, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். வரிசை முடிந்தால் எதிர் வரிசைக்குத் திரும்புங்கள். கையில் இருப்பது தீர்ந்ததும், அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடருங்கள்.

அடுத்த குழி வெறுமையாக இருந்தால்தான் கொண்டாட்டம். அந்த வெறுங்குழியை விரலால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் அடுத்தவருக்குப் போகும். அடுத்தடுத்து இரண்டு குழி காலியாக இருந்தால் எதுவும் கிடைக்காது, அப்போதும் முறை மாறும். பிள்ளைகளுக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் துடைப்புதான். முதல் முறை நீங்கள் கொஞ்சம் மெதுவாக, தரை தேய்கிற மாதிரி துடைத்துக் காட்டுங்கள். அப்புறம் தன் முறை வரும்போது அவள் விரல் முன்னமே நீண்டு காத்திருக்கும்.

ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு விதி உண்டு. முதல் நாள் அது வேண்டாம், குழம்பிப்போவாள். ஒருவர் பக்கம் காலியானதும் ஆட்டத்தை நிறுத்தி, யாரிடம் அதிகம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், ஏழு வயதுக்கு அது புரியும். அதற்குப் பதிலாக, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று ஒருமுறை சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.

4. சின்னவன்

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் புளியங்கொட்டை கூடவே கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வான், தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அவனை உங்கள் மடியிலோ பக்கத்திலோ கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு எவர்சில்வர் டம்ளர் நாலைந்தும் பெரிய கரண்டி ஒன்றும் கொடுங்கள். அடுக்குவான், தட்டுவான், தள்ளிவிடுவான். சத்தம் வரட்டும், நீங்கள் அவனைப் பார்க்காத ஒரு நொடியில் அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் காவல். குளியலறைக் கதவையும் சாத்தி வையுங்கள், வாளித் தண்ணீர் சிறுபிள்ளைக்கு ஆபத்து.

அவன் சிணுங்கி, கொட்டையைத்தான் தா என்று அடம்பிடித்தால், ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். அவன் தூங்கிய பிறகு தொடரலாம்.

5. எடுத்து வைக்கும்போது

பெரியவளோடு உட்கார்ந்து கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுங்கள், ஏழு குவியல் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாய்க்கடியிலும் சோபா இடுக்கிலும் தேடுங்கள், சின்னவன் கையையும் பாருங்கள். எழுபதும் டப்பாவுக்குள் வந்து, டப்பா மேல் அலமாரிக்குப் போன பிறகுதான் கதவைத் திறந்து அக்காவை வரவேற்கப் போக வேண்டும்.